மின்நிலைய வாசலில் மரக்கறி ரோல்ஸ்

என் மகள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், வெள்ளிக்கிழமைகளில் வகுப்புக்குப் போகாமல் என் வேலைத்தலத்து வாசலில் வந்து நின்று, அதை இழுத்து மூடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். நான் உள்ளே இருந்தேன். இதைக் கேட்கிறவர்கள் இப்போது சிரிக்கிறார்கள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் வேலைத்தலம் ஒரு நிலக்கரி மின்நிலையம். ஜேர்மனியில், ரூர் பகுதியின் ஓரத்தில், கால்வாய்க்கரையில் இருந்தது. கரி படகுகளில் வந்து இறங்கும். நான் கரியைத் தொட்டதே இல்லை. தண்ணீர் ஆய்வுகூடத்தில் வேலை. கரியை எரிப்பதே தண்ணீரைக் கொதிக்க வைக்கத்தான். அந்த நீராவிதான் டர்பைனைச் சுற்றும். அந்தத் தண்ணீரில் துளி உப்பு இருந்தாலும் குழாயை அரித்துவிடும், டர்பைன் தகடுகளில் போய்ப் படிந்துவிடும். ஆகவே நாள் முழுக்க ஓராள் தண்ணீரை எடுத்து எடுத்துச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டும். மன்னாரில் இருந்து அகதியாக வந்து, மொழி படித்து, பேக்கரியில் தட்டுக் கழுவி, பிள்ளையும் பெற்று, அதற்குப் பிறகு பதின்ம வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து நான் பிடித்த வேலை அது. அதில் எனக்குப் பெரிய பெருமை இருந்தது. இருந்தது என்ன, இப்போதும் இருக்கிறது.

மகள் சின்னவளாக இருக்கும்போது, "அம்மா வேலையில என்ன செய்யிறியள்?" என்று கேட்பாள். "தண்ணி பாக்கிறன்" என்பேன். அதை அவள் அப்படியே பாலர் பள்ளியில் போய்ச் சொல்லி, அங்கிருந்த ஆசிரியை வெகுகாலம் என்னை நீச்சல் குளத்துக் காவல்காரி என்று நினைத்திருந்தார். கோடையில் ஒருநாள் குடும்பத்தோடு உள்ளே வந்து பார்க்கலாம் என்று நிர்வாகம் வாசலைத் திறந்துவிடும். ஒரு வருடம் அவளுக்குக் காய்ச்சல், ஒரு வருடம் சிநேகிதியின் பிறந்தநாள். அடுத்த வருடம் கூட்டிப்போகலாம் என்று நானும் விட்டுவிட்டேன். அவள் வளர்ந்து, காற்றில் கரி என்ன செய்கிறது என்று படித்து முடித்ததும், கூப்பிட்டாலும் வராத ஆளாகிவிட்டாள்.

முதல் வெள்ளிக்கிழமை ஆய்வுகூடத்து ஜன்னலால் பார்த்தபோது வாசலில் ஒரு சின்னக் கூட்டம். அட்டைகள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதற்குள் என் பிள்ளை. மாசி மாதத்துக் குளிரில் தொப்பிகூடப் போடாமல் நிற்கிறாள். எனக்கு வந்த கோபம் அவள் மூடச் சொன்னதற்கா, தொப்பி போடாததற்கா என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

வீட்டில் கணவரிடம் கொதித்தேன். அவர் பஸ் ஓட்டுகிறவர். வாழ்க்கையில் எதற்கும் சத்தம் போட மாட்டார்.

"விடும். அவள் களவெடுக்கப் போகேல்லையே" என்றார்.

"என்ர வாசலில வந்து நிக்கிறாள்."

"வேற எந்த வாசலில நிக்கிறது? இந்த ஊரில கரி எரியிற இடம் அது ஒண்டுதானே."

அடுத்த வெள்ளிக்கிழமை விடிய எழும்பி ரோல்ஸ் செய்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் வாசலில் பிள்ளைகள் நின்றால் வெறுங்கையோடு பார்த்துக்கொண்டிருக்க எங்கள் ஆட்களால் முடியாது. கலியாணத்துக்கு வந்தவர்களோ சண்டைக்கு வந்தவர்களோ, முதலில் கடிக்க ஏதாவது கொடுத்தாக வேண்டும். நாங்கள் கத்தோலிக்கர், வெள்ளிக்கிழமை வீட்டில் இறைச்சி இல்லை. ஆகவே ரின்னில் அடைத்த மீனும் கிழங்கும் போட்டு, மிளகு தூக்கலாகக் கறி வைத்து, ரொட்டியில் சுற்றி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் பிரட்டிப் பொரித்தேன். மத்தியானம் வேலை ஜக்கெற்றோடும் தலைக்கவசத்தோடும் பெரிய தட்டை ஏந்திக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"இறைச்சி இல்லை!" என்று ஜேர்மனில் பெருமையாகச் சொன்னேன். இந்தப் பிள்ளைகள் இறைச்சி தின்ன மாட்டார்கள் என்ற அளவுக்கு எனக்கும் விஷயம் தெரியும்.

மூக்கில் வளையம் போட்ட ஒரு பெண் பிள்ளை, உள்ளே என்ன இருக்கிறது என்று பணிவாகக் கேட்டாள்.

"மீன்" என்றேன்.

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறந்ததில் இருந்து இறைச்சி விலக்கும் நாள் என்றால் எனக்கு மீன் நாள். மீனுக்கும் உயிர் உண்டு என்ற யோசனை கடலோரத்தில் வளர்ந்த என் தலைக்குள் அன்றுவரை புகுந்ததே இல்லை.

"அம்மா, உள்ள போங்கோ" என்றாள் மகள். முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. "தயவுசெய்து போங்கோ."

தட்டோடு திரும்பினேன். பின்னால் ஓடிவந்து இரண்டு பெடியன்கள் ஆளுக்கொன்று எடுத்து, மற்றவர்களுக்குத் தெரியாமல் வாய்க்குள் போட்டுக்கொண்டார்கள்.

விடுகிற ஆள் நான் இல்லை. அடுத்த வாரம் கிழங்கு, கரட், லீக்ஸ் போட்டு மரக்கறி ரோல்ஸ். மூக்குவளையப் பிள்ளை ஒரு ரோல்ஸைக் கையில் எடுத்து, இந்தத் தூள் எப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று கேட்டாள். முட்டை என்றேன். எடுத்ததைத் தட்டில் திரும்ப வைத்தாள், பாவம், பசியோடு. மூன்றாவது வாரம் முட்டைக்குப் பதில் மாவைத் தண்ணீராகக் கரைத்துத் தோய்த்தேன். அன்றைக்குத் தட்டில் தூள்கூட மிஞ்சவில்லை.

அந்த வாரமே எங்கள் மைஸ்டர் என்னைக் கூப்பிட்டார். மைஸ்டர் என்பது ஷிப்டுக்குப் பொறுப்பானவர். பெரிய மீசை, குறைந்த பேச்சு.

"எங்கள் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கிறீர்கள். நீங்கள் எந்தப் பக்கம்?" என்றார்.

"அதில் ஒன்று என் மகள்" என்றேன்.

ஜன்னலால் எட்டிப் பார்த்தார். "எது?"

"தொப்பி போடாமல் நிற்பது."

ஜன்னலை விட்டுத் திரும்பினார். பிறகு, "எங்களுக்கும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?" என்றார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வாசலுக்கு ஒரு தட்டும் கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு தட்டும் என்று என் வேலை இரட்டித்தது.

அந்த நாட்களில் ஒரு இரவுச் சாப்பாட்டில் மகள் கேட்டாள்: "ரோல்ஸ் தந்தா நான் கத்தாம விடுவன் எண்டு நினைச்சியளோ?"

"கத்து. சாப்பிட்டிட்டுக் கத்து."

"பகிடி இல்லை அம்மா."

"நானும் பகிடி விடேல்லை. ஒருக்கா உள்ள வந்து பார். என்னத்தை மூடச் சொல்லுறாய் எண்டாவது தெரிய வேண்டாமே? நான் என்ன செய்யிறன் எண்டு பார்."

"அது மூடுற வரைக்கும் அந்த வாசலுக்குள்ள நான் கால் வைக்கமாட்டன்."

சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அன்று நித்திரை வரவில்லை. மூடினால் மூடட்டும். அரசாங்கம் எடுக்கிற முடிவை நானும் ஏற்றுக்கொள்வேன்; புகை நல்லதில்லை என்று எனக்குத் தெரியாதா? ஆனால் என் பிள்ளை என்னுடைய வேலையைப் புகைக்குழாயின் நுனியில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். அதற்குக் கீழே சுத்தமான கண்ணாடிக் குவளைகளோடு ஒரு பெண் நிற்கிறாள், அவள் தன்னுடைய தாய், அவள் தன் வேலையைச் சரியாகச் செய்கிறாள் என்பதை என் மகள் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

பிறகு நிலக்கரியைக் கைவிடுவதற்குச் சட்டம் வந்தது. எங்கள் மின்நிலையமும் நிறுத்துகிற வரிசையில் சேர்ந்தது. ஊரில் எங்கள் செபக்கூட்டத்தார் மாதாந்தத் தமிழ்ப் பூசை முடிய, பங்கு மண்டபத்தில் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். செபக்கூட்டத்துத் தலைவர் அண்ணை எழுந்து நின்று, கரியோடு போராடிய வீரத் தமிழ்ப்பெண் என்று ஒரு வாழ்த்துப்பா வாசித்தார். கரியைத் தொடாதவள் என்று நான் எழுந்து சொல்லவா முடியும்? ஊதாவும் சரிகையுமாக அந்தப் பொன்னாடை நல்ல வடிவு. வாங்கிக்கொண்டு, வடையும் சாப்பிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மகள் மட்டும் மசியவில்லை. "அது மூடேல்லை அம்மா. தேவைப்பட்டா எழுப்பலாம் எண்டு ஒதுக்கத்தில வைக்கிறாங்கள். நித்திரை கொள்ளுது, அவ்வளவுதான்" என்றாள். அவள் அப்போது எர்லாங்கனில் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தாள். மின்சாரத்தைத்தான் படித்தாள், எந்தக் கம்பி எவ்வளவு தாங்கும், காற்றாலை சுற்றாத நாளில் என்ன செய்வது என்பவை. சட்டத்தை எங்கள் நிர்வாகத்தை விட நன்றாக வாசித்திருந்தாள்.

அவள் சொன்னபடிதான் நடந்தது. ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது, குழாயில் வந்த எரிவாயு நின்றது, குளிர்காலத்துக்கு என்ன செய்வது என்று நாடே கலங்கியது. கரியை விட வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்த கட்சிக்காரர்களே, ஒதுக்கத்தில் கிடந்த மின்நிலையங்களை எழுப்பச் சொன்னார்கள். அவர்கள் முகத்தைத் தொலைக்காட்சியில் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. மைஸ்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். "தண்ணீர் பார்க்க ஆள் இல்லை" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் போனேன்.

சும்மா கிடந்த குழாய்களில் முதல் நாள் வந்த தண்ணீர் பழைய தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. கழுவி ஊற்றி, கழுவி ஊற்றி, அது தெளிகிற வரை நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. செபக்கூட்டத்தில் ஒரே பகிடி. "அக்கா, பொன்னாடையைத் திருப்பித் தாங்கோ" என்றார்கள்.

மகள் பகிடி விடவில்லை.

"திரும்பப் போறியளோ?" என்று தொலைபேசியில் கேட்டாள்.

"கூப்பிட்டவை."

"ஏலாது எண்டு சொல்லியிருக்கலாம்."

"ஓம். சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை."

அதற்குப் பிறகு சில காலம் தகப்பனோடுதான் பேசுவாள். எனக்கு ஒரு 'எப்பிடியம்மா', அவ்வளவுதான். நான் உள்ளுக்குள் வெந்துபோனேன். கணவர் தொலைபேசியை என் பக்கம் நீட்டுவார். அவள் உடனே ரயில் வருகிறது என்பாள். எர்லாங்கனில் எல்லா நேரமும் ரயில் வந்துகொண்டே இருந்தது.

இரண்டு குளிர்காலம் போனது. அவசரம் தீர்ந்தது, இனி மூடிவிடுவார்கள் என்று நினைத்தோம். மூடவில்லை. காற்றாலைகள் வடக்கில், தொழிற்சாலைகள் தெற்கில், நடுவில் போக வேண்டிய கம்பிகள் இன்னும் முடியவில்லை. ஆகவே எங்களைத் தட்டி எழுப்பவும் தாலாட்டவும் வசதியாகத் திரும்பவும் ஒதுக்கத்தில் வைத்தார்கள். எங்கள் வளவிலேயே புதிதாக எரிவாயு மின்நிலையம் கட்டப்போகிறார்கள், பிறகு அதை ஐதரசனுக்கு மாற்றுவார்கள் என்றார்கள். அதற்கான திட்டம் பெர்லினில் எழுதி முடிகிற நேரம் அரசாங்கம் கவிழ்ந்தது. புதிய அரசாங்கம் வந்து, அதைவிடக் கூடுதலாகக் கட்டுவோம் என்றது. எத்தனை, எங்கே, எப்போது என்று கேட்டால் பதில் இல்லை. ஒரு நாடு பழைய வீட்டில் இருந்துகொண்டே அதை இடித்துப் புதிதாகக் கட்டுகிறது. தூசி பறக்கத்தானே செய்யும் என்று நான் ஆறுதலாகத்தான் பார்த்தேன். பதற்றப்பட்டு ஆகப்போவது எதுவும் இல்லை. அதற்குள் பக்கத்து ஊரில் குடிதண்ணீர் ஆய்வுகூடத்தில் எனக்கு ஒரு இடம் சொல்லி வைத்தும் இருந்தார்கள், இங்கே முடிகிற நாளில் அங்கே போகலாம் என்று.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் மகள் தானாகவே எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அம்மா, வியாழக்கிழமை உங்கள எழுப்புவினம்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. காத்து விழப்போகுது. ஒரே மூட்டம், சோலாரும் வராது. கணக்குப் போட்டுப் பாத்தனான். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கோ, நீங்கள் அங்க கனநேரம் நிக்கவேண்டி வரும்."

மைஸ்டரிடம் போய்ச் சொன்னேன். மீசைக்குள் சிரித்தார். அடுத்த நாள் மத்தியானம் மேலிடத்திலிருந்து அழைப்பு வந்தது: வியாழக்கிழமை இயக்கத் தயாராகுங்கள். அன்றிலிருந்து வாரம் பிறந்தால் ஆய்வுகூடத்துக்குள் தலையை நீட்டி, "உங்கள் மகள் என்ன சொல்கிறாள்?" என்று கேட்பார். நானும் பெரிய அதிகாரி மாதிரி, "இந்த வாரம் காற்று இருக்கிறது, ஆறுதலாக இருங்கள்" என்பேன். எங்களை மூடச் சொல்லித் தொண்டை கட்டக் கத்திய பிள்ளை, எங்களுக்கு வேலை வரும் நாளை முதலில் சொல்கிறவளாகிவிட்டாள். எனக்கு அதில் இருந்த சந்தோஷத்தை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

ஒருநாள் மட்டும் கேட்டுவிட்டேன். "இப்ப நீ எந்தப் பக்கம் பிள்ளை?"

"அது எரியிற ஒவ்வொரு நாளும் எனக்குக் கோபம்தான் அம்மா. ஆனா அண்டைக்கு ஆஸ்பத்திரியும் ரயிலும் நிக்கவும் கூடாது. அது எரியத் தேவையில்லாத நாளைக் கொண்டு வாறதுக்குத்தான் நான் படிக்கிறன்."

"அப்ப கெதியாப் படி" என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"ஒருக்கா உள்ள வந்து பாக்கிறியோ?" என்று சாடையாகக் கேட்டேன்.

"மூடட்டும், வாறன்" என்றாள்.

அப்படி அந்த நாளும் வந்தது. புதிய மின்பாதை ஒன்று வந்து சேர்ந்தது, எங்கள் கொதிகலன் இனித் தேவையில்லை என்று எழுத்தில் வந்தது. இந்தமுறை ஒதுக்கமில்லை, நிரந்தரமாக மூடுவது. அந்த இடத்தில் முதலில் பெரிய மின்கலங்கள் வரும், எரிவாயு நிலையம் பெர்லின் முடிவு செய்தால் வரும் என்றார்கள்.

செபக்கூட்டத்துத் தலைவர் அண்ணைக்குச் சொன்னேன்.

"போன தரமும் இப்பிடித்தான் சொன்னனியள்" என்றார் அவர். "திரும்பத் திரும்பப் பொன்னாடை வாங்க எங்களுக்குக் கட்டாது தங்கச்சி."

அவரில் பிழை சொல்ல முடியாது. ஒருத்தரும் நம்பவில்லை. வேலைத்தலத்திலும் பாதிப் பேர் நம்பவில்லை. ஒருவர், எப்படியும் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று, தன் சப்பாத்துகளைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் போகப்போவதாகச் சொன்னார். மகளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: 'வெள்ளிக்கிழமை காலமை கடைசியா நிப்பாட்டுவினம்.' அவள் வாசித்துவிட்டாள் என்று தெரிந்தது. பதில் வரவில்லை. வர வேண்டும் என்று நான் எழுதவும் இல்லை. கேட்டுக் கேட்டு எனக்கு வாய் புளித்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கொதிகலனை நிறுத்தினார்கள். விழாவும் இல்லை, பேச்சும் இல்லை. டர்பைன் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து, பிறகு பறவைகள் கத்துவது கேட்டது. அத்தனை வருடத்தில் ஆய்வுகூடத்துக்குள் நான் பறவைச் சத்தத்துக்குக் காது கொடுத்ததில்லை. என் குழாய்களுக்குக் கீழே குவளைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மனம் வெறுமையாக இருந்தது. அவள் வரமாட்டாள் என்றே நினைத்தேன்.

மத்தியானம் மைஸ்டர் கூப்பிட்டார். "வாசலில் உங்கள் ஆள் ஒருத்தி நிற்கிறாள். கையில் தட்டு."

ஜன்னலுக்கு ஓடினேன். மாசிக் குளிரில், பழைய இடத்தில், என் மகள். தொப்பி போட்டிருந்தாள். பக்கத்தில் என் கணவர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரயில் நிலையத்தில் இருந்து கூட்டிவந்தது அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

"மூடினாப் பிறகு வாறன் எண்டு சொன்னனான்" என்றாள் என்னைக் கண்டதும். தட்டில் ரோல்ஸ். எர்லாங்கனில் பகிர்ந்து குடியிருக்கும் வீட்டில், விடிய எழும்பிச் செய்தாளாம். பாதி வெடித்துக் கறி வெளியே வந்திருந்தது.

ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். "உப்புக் காணாது" என்று என் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. அவள் முகம் விழுவதற்குள் அடுத்ததையும் எடுத்தேன். மைஸ்டர் வந்து ஒன்றை எடுத்து, "இதில் முட்டை இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சாப்பிட்டார். பிறகு அவளுக்கு ஒரு தலைக்கவசம் கொடுத்தார். அவள் தொப்பியைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டு வாசலுக்குள் கால் வைத்தாள்.

ஆய்வுகூடத்தில் எல்லாவற்றையும் பார்த்தாள். வரிசையாக நிற்கும் சின்னக் குழாய்களை, கவிழ்த்து வைத்த குவளைகளை, நான் இருக்கும் கதிரையை, வெள்ளிக்கிழமைகளில் நான் அவளைப் பார்த்த ஜன்னலை. அந்த ஜன்னலில்தான் அதிக நேரம் நின்றாள்.

குழாய்களுக்குள் இன்னும் தண்ணீர் கிடந்தது. ஒன்றைத் திறந்து குவளையில் பிடித்து அவளிடம் கொடுத்தேன். அவள் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்டுமில்லையே அம்மா" என்றாள்.

"ஓம். அதில ஒண்டும் இல்லாம வைச்சிருக்கிறதுதான் என்ர வேலை."

அவள் குவளையைக் கீழே வைக்கவில்லை. "மூடினது சரிதான் அம்மா. நான் இப்பவும் அப்பிடித்தான் நினைக்கிறன்."

"எனக்குத் தெரியும்."

"ஆனா நீங்கள் வடிவா வேலை செய்திருக்கிறியள்."

நான் அழுதேன். மிளகுதான் காரணம் என்றேன். தான் மிளகே போடவில்லை என்றாள் அவள்.